காலியான கடல்: பொழுதுபோக்குப் புகைப்படத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

புகைப்பட வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் இரண்டே கதைதான். ஒன்று கண்டுபிடிப்பாளர்களின் கதை. நியெப்ஸ், தாகேர், டால்பட் என்று அது வரிசையாகப் போகும். மற்றது 'கலையா, ஆவணமா' என்கிற பழைய பட்டிமன்றம். இரண்டிலும் ஓர் ஆள் காணாமல் போய்விடுகிறார். யாருக்காகவும் இல்லாமல், காசுக்காகவும் இல்லாமல், லீவு நாளில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கடலையும் மலையையும் எடுக்கப் போகிற ஆள். அமெச்சூர். அவரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்றுதான் விமர்சகர்கள் நினைக்கிறார்கள். அலை, மேகம், சூரிய அஸ்தமனம். இதுல என்ன அரசியல்?

இருக்கிறது என்பது என் வாதம். கீழே ஆளில்லாத கடல், மேலே மேகம், நடுவில் நேர்கோடாய் அடிவானம். இதைவிட அப்பாவியான படம் கிடையாது என்று தோன்றும். ஆனால் இந்த அப்பாவித்தனம் இயற்கையாய்க் கிடைத்ததல்ல, உண்டாக்கப்பட்டது. அது உண்டாக மூன்று விஷயங்கள் தேவைப்பட்டன: ரசாயனம், ஓய்வு நேரம், கரையிலிருந்து மனிதரை விலக்கிவிட்டுப் பார்க்கிற ஒரு பார்வை. இம்மூன்றையும் வரிசையாகப் பார்க்கலாம்.

2

1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். சில நிமிஷங்கள்தான் அவகாசம். இந்தத் தகட்டுக்கு ஒரு குணம் உண்டு: நீல ஒளியை அது மிகையாக உள்வாங்கும். நிலத்துக்குத் தேவையான நேரம் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். மேகம் அழிந்துபோகும். வானத்துக்கு ஏற்ற நேரம் கொடுத்தால் நிலம் இருண்டுவிடும்.

பாரிசின் குஸ்தாவ் லெ கிரே ஓவியம் பயின்றவர். 1856 தொடங்கி நார்மண்டிக் கரையிலும் பிறகு தெற்கே செத் துறைமுகத்திலும் அவர் எடுத்த கடற்படங்கள் ஐரோப்பாவையே வியக்க வைத்தன. வெயிலில் எடுத்த கப்பல் படத்தை நிலவொளியில் எடுத்தது என்று பார்த்தவர்கள் நம்பினார்கள். சில படங்களை ஒரே நெகட்டிவில் எடுத்தார். வேறு சிலவற்றில் கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களை அடிவானக் கோட்டில் ஒட்டவைத்தார். ஒரே மேகக்கூட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் வருவதும் உண்டு.

இதை 'மோசடி' என்று சொல்ல நான் வரவில்லை. 'உள்ளது உள்ளபடி' என்கிற சொல்லாடலுக்குள் நுழைந்த முதல் தலைமுறைக் கடற்படங்களிலேயே தையல் இருக்கிறது, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், மதுரையையும் தஞ்சாவூரையும் படம் பிடித்தவர். அவரும் வெறும் வெள்ளையாய் விழுந்த வானத்தைப் பொறுக்க முடியாமல் நெகட்டிவில் தூரிகையால் மேகம் தீட்டினார். அவர் ராணுவ அதிகாரி. அளப்பதும் பதிவதும்தான் அவருக்கு இடப்பட்ட வேலை. அந்த வேலையிலும் மேகம் வேண்டியிருந்தது. மேகமில்லாத வானம் 'காட்சி' ஆகாது என்பதை அவருக்குச் சொன்னது கண்ணா, ஓவிய மரபா?

3

அடுத்தது நேரம். 'பொழுதுபோக்கு' என்ற நம் சொல்லையே எடுத்துக்கொள்வோம். போக்குவதற்குப் பொழுது மிச்சம் இருக்கிறவருக்குத்தான் அது பொருந்தும். ஆரம்பகால அமெச்சூர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

வேல்ஸ் நாட்டு நிலச்சுவான்தார் ஜான் தில்வின் லூயெலின். அவருடைய மனைவி எம்மா, டால்பட்டின் உறவுக்காரப் பெண். 1850களின் தொடக்கத்தில் தன் பண்ணைக்கு அருகில் இருந்த காஸ்வெல் விரிகுடாவில் அலை உடைகிற கணத்தை லூயெலின் பிடித்தார். 1855 பாரிஸ் கண்காட்சியில் 'இயக்கம்' என்ற தலைப்பில் வைத்த படங்களுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. மறுவருஷம் இன்னொன்று செய்தார்: தகட்டைத் தேனும் வினிகரும் கலந்து பதப்படுத்தினால் பல நாள் கெடாமல் இருக்கும் என்று காட்டினார். அதாவது இருட்டுக் கூடாரத்தைக் கரைவரைக்கும் தூக்கிக்கொண்டு போகும் தொல்லை இல்லை. அழகான கண்டுபிடிப்புதான், சந்தேகமில்லை. ஆனால் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிற, சோதனை செய்து பார்க்கப் பணமும் பகல் வேளையும் இருக்கிற ஒரு வீட்டில்தான் அது பிறக்க முடியும்.

கூடாரத்தை யார் தூக்கினார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. நாட்டிங்காமில் வங்கி குமாஸ்தாவாக இருந்துகொண்டு பொழுதுபோக்காய்ப் படமெடுத்த சாமுவேல் பார்ன், 1863இல் இந்தியாவுக்கு வந்து தொழில்காரர் ஆனார். அவருடைய முதல் இமயமலைப் பயணத்தில் சாமான் சுமக்க ஏறத்தாழ 30 கூலியாட்கள் போனார்கள். அந்தப் படங்களில் மலையின் மௌனத்தைப் பார்க்கிறோம். முப்பது பேரின் மூச்சிரைப்பு அதில் விழவில்லை.

பிறகு நிலைமை மாறியது. இங்கிலாந்தில் 1871 சட்டம் வங்கி விடுமுறை நாட்களைக் கொண்டுவந்தது. ரயில் மலிவுக் கட்டணத்தில் கூட்டத்தைக் கடற்கரையில் இறக்கியது. 1880களில் உலர்தகடு கடையிலேயே கிடைத்தது. 1888இல் ஈஸ்ட்மனின் கோடக் 25 டாலருக்கு வந்தது. 100 படம் எடுத்துவிட்டுக் கேமராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் கொடுத்தால் படங்களைக் கழுவி, புதுச் சுருளும் போட்டுத் தருவார்கள். 1900இல் பிரௌனி ஒரே டாலர். இருட்டறை, ரசாயனம், கறை படிந்த விரல் எல்லாம் தொழிற்சாலைக்குப் போய்விட்டன. அமெச்சூருக்கு மிஞ்சியது பொத்தான்.

இங்கே ஒரு ஆளை மட்டும் நின்று பார்க்க வேண்டும். பால் மார்ட்டின். லண்டனில் மரச்செதுக்குத் தொழிலாளி. பத்திரிகைப் படங்களுக்குக் கட்டை செதுக்குவது அவர் பிழைப்பு. புகைப்படத்தை நேரடியாக அச்சேற்றும் முறை வந்து அந்தத் தொழிலையே தின்றுகொண்டிருந்த காலம். தன் பிழைப்பை அழித்த சாதனத்தையே அவர் பொழுதுபோக்காய்க் கையில் எடுத்தார். 1892இல் யார்மத் கடற்கரைக்குப் போனார். கேமராவை மறைத்துவைத்து எடுத்த அந்தப் படங்களில் கடல் அடங்கி ஓரத்துக்குப் போய்விடுகிறது. மணலில் கட்டிப்பிடித்துக் கிடக்கிற ஜோடிகள், பாவாடையைத் தூக்கிப்பிடித்துத் தண்ணீரில் நிற்கிற பெண்கள், ஒருநாள் விடுமுறையை ஒட்டச் சுரண்டி அனுபவிக்கிற கூட்டம். மறைந்திருந்து எடுப்பது சரியா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் லூயெலினின் அலைக்கும் மார்ட்டினின் கூட்டத்துக்கும் உள்ள தூரம் வெறும் ரசனை வேறுபாடு இல்லை. மார்ட்டினும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவருக்கும் அடுத்த நாள் வேலை இருந்தது.

4

அப்படியென்றால் கேமரா மலிவானதும் காலியான கடல் மறைந்திருக்க வேண்டுமே? மறையவில்லை. இன்னும் உறுதியாக நிலைபெற்றது. ஏன்?

பியர் பூர்தியூ 1965இல் வெளியிட்ட புகைப்பட ஆய்வு இங்கே உதவும். வேடிக்கை என்னவென்றால் அதற்குப் பணம் கொடுத்ததே கோடக்-பாத்தே கம்பெனிதான். சாதாரண ஜனங்கள் கேமராவைக் கல்யாணம், குழந்தை, பயணம் எனக் குடும்பச் சடங்குக்குப் பயன்படுத்துகிறார்கள். 'தீவிர' அமெச்சூரோ அந்தப் பழக்கத்திலிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்டுவதன் மூலமே ரசிகராகிறார் என்று அது காட்டியது. இதிலிருந்து நான் ஓர் அடி எடுத்துவைக்கிறேன். அத்தை கடல் முன்னால் நின்றால் அது 'குடும்பப் படம்'. அத்தையை நகரச் சொன்னால் அது 'கலை'. கேமரா எல்லாருக்கும் கிடைத்த பிறகு, ஆளை நீக்குவதே தகுதியின் அடையாளமாகிறது. காலியான கடல் ஒரு வர்க்கத்தின் கையெழுத்து.

விதிவிலக்குகள் உண்டு. மருத்துவம் படித்த எமர்சன் 1886இல் ஓவியர் குடாலுடன் சேர்ந்து நார்ஃபோக் நீர்நிலைகளின் வாழ்வையும் நிலக்காட்சியையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தார். நாணல் அறுப்பவர்கள் அதில் நிலத்தோடு சேர்ந்தே வருகிறார்கள். விட்பி துறைமுகத்தின் சட்க்ளிஃப் கோடையில் வருகிற பயணிகளுக்கு உருவப்படம் எடுத்துப் பிழைத்தவர். மிச்ச நேரத்தில் மீனவர்களையும் படகுகளையும் எடுத்தார். 1886இல் அவர் எடுத்த 'தண்ணீர் எலிகள்', அம்மணமாய் நீரில் விளையாடும் பையன்களின் படம், உள்ளூர்ப் பாதிரிமாரின் கோபத்தைக் கிளப்பியது.

ஆனால் ஆள் படத்தில் இருந்தாலே நியாயம் வந்துவிடுமா? வராது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்' வரிசையில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாரும் 'மாதிரி'களாக நிற்கிறார்கள். சென்னைக் கட்டுமரக்காரரும் மசூலாப் படகும் காலனியத் தபால் அட்டைகளுக்கு ரொம்பப் பிடித்த விஷயம். வேடிக்கைப் பொருளாக இருக்கும்வரை மீனவர் படத்துக்குள். அழகு தேவைப்படும்போது வெளியே.

தமிழ் படித்தவர் யாரும் இந்த இடத்தில் திணையை இழுப்பார்கள். நானும் இழுக்கிறேன், கொஞ்சம் ஜாக்கிரதையாக. நெய்தலில் கடல் மட்டும் இருந்தால் அது நெய்தல் ஆகாது. பரதவர், உமணர், உப்பு, மீன், புன்னை என்று கருப்பொருள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இரங்கல் என்ற உரிப்பொருள். நிலத்தைத் தொழிலிலிருந்து பிரித்துப் பார்க்காத ஓர் இலக்கணம் நம்மிடம் இருந்தது என்று பெருமைப்படலாம்தான். ஆனால் திணையும் ஒரு சட்டகமே. அதில் உப்பு விற்கும் பெண் வருவது பெரும்பாலும் வேறு யாருடைய காதலுக்கோ பின்னணியாக. இரண்டாயிரம் வருஷப் பழமை யாரையும் இந்தக் கேள்வியிலிருந்து விடுவிப்பதில்லை.

5

மெரினாவுக்கு வருவோம். 1870களில் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கிய பிறகுதான் அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து இவ்வளவு பெரிய கரை உண்டானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. சேர்ந்த மணலின் ஓரத்தில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் பாதை போட்டு 1884இல் 'மெரினா' என்று பெயரிட்டார். இத்தாலியக் கடற்கரை ஒன்றின் நினைவு அது. 'காற்று வாங்கப் போவது' என்கிற நகரத்து வழக்கத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. வலை உலர்த்தியவர்களுக்கு அது ஏற்கெனவே இடமாக இருந்தது.

1985இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த முயன்றார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் மீன் விற்கும் பெண்களின் கடைகளை அகற்ற மாநகராட்சி இறங்கியபோதும் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள்.

புகைப்படம்தான் சுட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அபத்தம். 'அழகான கடற்கரை' என்று ஓர் அதிகாரி சொல்லும்போது நம் எல்லாருக்கும் சட்டென்று ஒரே படம் மனசில் வருகிறதே, வலையும் கட்டுமரமும் மீன் கூடையும் இல்லாத அந்தப் படம், அது எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன். லெ கிரேயின் ஒட்டுவேலையிலிருந்து கிளப் போட்டிகள், காலண்டர்கள், இன்றைய கைபேசி வரைக்கும் அந்தப் படம் கோடி முறை எடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொருத்தரும் தனக்கே தனக்கென்று எடுத்ததுதான். கூட்டிப் பார்த்தால் ஒரு பொதுப்புத்தி ஆகிவிடுகிறது.

ஆகவே கேமராவைக் கீழே வை என்று யாரிடமும் சொல்ல எனக்கு உத்தேசம் இல்லை. அமெச்சூருக்கு ஒரு சுதந்திரம் இருக்கிறது. பத்திரிகைக்காரருக்கும் சுற்றுலாத் துறைக்கும் அது கிடையாது. அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, எதையும் விற்க வேண்டியதில்லை. மார்ட்டின் அந்தச் சுதந்திரத்தில்தான் அலையை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். விடிகாலையில் மெரினாவில் முக்காலியை ஊன்றுகிறவருக்கும் அது இருக்கிறது. வலை இழுக்கிறவர்கள் சட்டகத்துக்குள் வந்தால் 'படம் கெட்டுப்போச்சு' என்று காத்திருக்கிறாரே, அந்தக் காத்திருப்பை மட்டும் அவர் ஒருமுறை விசாரித்துப் பார்த்தால் போதும்.