லூயிஸ்–கிளார்க் யாத்திரை

1803-ஆம் ஆண்டில் பிரான்ஸிடமிருந்து ஒன்றரைக் கோடி டாலருக்கு லூயிசியானாப் பிரதேசத்தை வாங்கிய அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்ஸன், மிஸௌரி நதிவழியே பசிபிக் சமுத்திரத்துக்குப் படகில் செல்லத்தக்க மார்க்கம் உண்டா என ஆராயுமாறு, தம் அந்தரங்கக் காரியதரிசியாயிருந்த மெரிவெதர் லூயிஸையும் அவருடைய நண்பர் வில்லியம் கிளார்க்கையும் அனுப்பியதே இந்த யாத்திரை. 1804 மே மாதம் புறப்பட்டு, மாண்டன் மக்களின் கிராமங்களருகே குளிர்காலத்தைக் கழித்த இக்குழு ராக்கி மலைகளை அடைந்தபோது, எதிர்பார்த்த நீர்வழி அங்கே இல்லை. ஷோஷோனி மக்களிடம் குதிரைகள் பெற்றிராவிடில் அம்மலைகளைக் கடந்திருப்பரோ என்பது சந்தேகமே. அப்பேரத்தில் மொழிபெயர்த்து உதவியவள், கைக்குழந்தையுடன் உடன்சென்ற சக்காஜவீயா; ஷோஷோனித் தலைவன் அவளுடைய சகோதரனாகவே இருந்ததைக் கதையில் படித்தால் நம்பத் தயங்குவோம். 1805 நவம்பரில் சமுத்திரத்தை எட்டியவர்கள், 1806 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் திரும்பினர். கிளார்க்கின் அடிமையான யார்க், பிறரைப் போலவே உழைத்தும், அவர்கள் பெற்ற ஊதியமோ நிலமோ பெறவில்லை.