காலொடிந்த குதிரைக்காகக் காத்திருத்தல்

புறநானூற்றில் ‘குதிரை மறம்’ என்றொரு துறை உண்டு. அத்துறையில் எருமை வெளியனார் பாடிய 273ஆம் பாட்டை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். ஊராரின் குதிரைகளெல்லாம் போர்க்களத்திலிருந்து திரும்பிவிட்டன. தன் கணவன் ஏறிச்சென்ற குதிரை மட்டும் வரக்காணோமே என்று ஒருத்தி கலங்கி நிற்கும் பாட்டு அது. அப்போது பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, அந்தக் குதிரை கால் ஒடிந்து நொண்டிக்கொண்டு வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்?” என்று கேட்டாள். வகுப்பில் சிரிப்பலை எழுந்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பாய்ந்த குதிரையையும் பட்ட குதிரையையும் பாடிய மரபு இடைப்பட்ட குதிரையை, அதாவது பிழைக்குமா பிழைக்காதா என்று தொழுவத்தில் நிற்கும் குதிரையைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லவில்லை. மாணவியின் கேள்விக்கு விடை தேடிப் போன நாம், அமெரிக்கப் பந்தயத் திடல்களின் வரலாற்றில் போய் நின்றோம்.

குதிரைக்குக் கால் ஒடிந்தால் கொன்றுவிடுவதுதான் பழைய வழக்கம். இதை வெறும் கொடுமை என்று சொல்லிவிட முடியாது. குதிரையின் உடலமைப்பே அதற்குப் பகையாக இருக்கிறது. ஏறத்தாழ 500 கிலோ எடையை நான்கு ஒல்லிக் கால்கள் தாங்குகின்றன. முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பு, நாண், தோல் அவ்வளவுதான். எனவே அங்கே இரத்தவோட்டமும் குறைவு, ஒடிந்த எலும்புக்கு மெத்தைபோல் அமையவும் ஒன்றுமில்லை. மனிதனைப்போல் மாதக்கணக்கில் படுக்கவைக்கவும் இயலாது. நெடுநேரம் படுத்தால் அதன் எடையே அதன் தசைகளையும் நுரையீரலையும் நசுக்கும். நின்றாகவேண்டும், நின்றாலோ ஒடிந்த காலின் பங்கையும் நல்ல கால் சுமக்கும். அந்தக் கூடுதல் சுமையால் நல்ல காலின் குளம்புக்குள் அழற்சி தோன்றும். குளம்பின் ஓட்டையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய மடிப்புகள் பிய்ந்துபோகும். லாமினைட்டிஸ் என்பது இதுவே. ஒடிந்த கால் கூடிவரும் வேளையில் ஒடியாத கால் குதிரையைக் கொன்றுவிடும்.

1975 ஜூலை 6 அன்று நியூயார்க்கின் பெல்மாண்ட் திடலில் ரஃபியன் என்னும் பெண்குதிரை ஓடியது. அதுவரை ஓடிய பத்துப் பந்தயங்களிலும் வென்றிருந்தது. அன்று ஃபூலிஷ் பிளஷர் என்ற ஆண்குதிரையோடு இருவர் போட்டி. பாதி வழியில் வலது முன்காலின் கணுவெலும்புகள் நொறுங்கின. அன்றிரவே அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆனால் மயக்கம் தெளிந்தபோது குதிரை தான் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்ததோ என்னவோ, படுத்தவாக்கிலேயே கால்களை உதறியது. கட்டு சிதைந்தது, கால் மீண்டும் நொறுங்கியது. விடியுமுன் கருணைக்கொலை செய்தார்கள். அறுவையில் தோற்றதைவிட விழித்தெழுந்ததில் தோற்றது என்பதே பொருந்தும்.

இதற்கு நேர்மாறான கதை முன்பே நடந்திருந்தது. சீபிஸ்கட் என்னும் புகழ்பெற்ற குதிரைக்கு 1939 பிப்ரவரியில் இடது முன்காலின் கணுவைத் தாங்கும் நாண் கிழிந்தது. எலும்பு முறிவு இல்லை. இருப்பினும் பந்தய வாழ்வு முடிந்தது என்றே பலரும் எண்ணினர். அதன் சவாரிவீரர் ரெட் போலார்டும் அப்போது கால் ஒடிந்தவர்தாம். 1938இல் மார்பு நசுங்கி, அதே ஆண்டில் காலும் நொறுங்கியிருந்தது. உரிமையாளர் சார்லஸ் ஹோவர்டின் வடகலிஃபோர்னியப் பண்ணையில் இருவரும் சேர்ந்து தேறினர். முதலில் மெதுவாக நடை, பிறகு சிறிது தூரம் சவாரி, பிறகு ஓட்டம் என்று மாதங்கள் கழிந்தன. 1940 மார்ச் 2 அன்று, அதுவரை இருமுறை மயிரிழையில் நழுவிப்போன சாண்டா அனிடா பந்தயத்தில் போலார்டு ஏற, சீபிஸ்கட் வென்றது. திரைப்படக்காரர்கள் இக்கதையை விடாததில் வியப்பில்லை. ஆயினும் நாண் கிழிவதும் எலும்பு நொறுங்குவதும் ஒன்றல்ல. இதை மறந்து சீபிஸ்கட்டை எடுத்துக்காட்டியே பிற்காலத்தில் பலர் நம்பிக்கை வளர்த்துக்கொண்டனர்.

நம்மை மிகவும் தொல்லைப்படுத்தியது மூன்றாவது கதை. பார்பரோ என்னும் ஆண்குதிரை 2006 மே 6 அன்று கென்டக்கி டெர்பியை ஆறரை நீள வித்தியாசத்தில் வென்றது. ஓடிய ஆறு பந்தயங்களிலும் தோல்வியே இல்லை. இரண்டே வாரம் கழித்து, மே 20 அன்று, பால்டிமோரின் பிம்லிகோ திடலில் பிரீக்னஸ் பந்தயம். ஓட்டம் தொடங்குமுன்பே கதவை முட்டிக்கொண்டு ஒருமுறை வெளியே வந்துவிட்டது. பிடித்துவந்து மீண்டும் நிறுத்தினர். உண்மைத் தொடக்கத்துக்குப் பின் சில விநாடிகளில் வலது பின்கால் ஒடிந்தது. சவாரிவீரர் எட்கர் பிராடோ குதிரையை இழுத்து நிறுத்தி, இறங்கி, ஒடிந்த கால் நிலத்தில் ஊன்றாதபடி தாங்கிப் பிடித்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடியிருந்த திடல் அது.

மறுநாள் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் கால்நடை மருத்துவ மையத்தில் டீன் ரிச்சர்ட்சன் அறுவை செய்தார். ஓர் எலும்பு மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகியிருந்தது. உலோகத் தகடு ஒன்றும் 27 திருகாணிகளும் கொண்டு அதைச் சேர்த்துக் கட்டினார். ரஃபியனுக்கு நேர்ந்தது நேராதிருக்க அங்கே ஓர் உபாயம் இருந்தது. மயக்கத்திலிருக்கும் குதிரையை ரப்பர்த் தெப்பம் ஒன்றில் கட்டி, வெதுவெதுப்பான நீர் நிறைந்த குளத்தில் இறக்குவார்கள். நீரில் விழித்து உதறினாலும் மோத எதுவுமில்லை. அன்று மாலை பார்பரோ தன் கால்களில் நின்றது. பிழைக்குமா என்று கேட்டவர்களுக்கு, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான் என்னும் பொருள்பட ரிச்சர்ட்சன் விடையளித்தார். வெற்றி அறிவிக்க மறுத்த அந்த நிதானம் நமக்குப் பிடித்திருந்தது.

பிறகு காத்திருத்தல். எட்டு மாதங்கள். உரிமையாளர்களான ராய், கிரெட்சன் ஜாக்சன் இணையர் நாள்தோறும் வந்தனர். கிரெட்சன் தம் பண்ணையிலிருந்து புல் அறுத்துக் கொணர்ந்தார். முன்பின் அறியாதவர்கள் ஆப்பிளும் கேரட்டும் வாழ்த்தட்டைகளும் அனுப்பினர். ஜூலையில், அஞ்சியபடியே, இடது பின்குளம்பில் லாமினைட்டிஸ் தோன்றியது. அக்குளம்பின் ஓட்டில் நூற்றுக்கு எண்பது பங்கை வெட்டியெடுத்தனர். குளம்பு நம் நகம்போல் வளர்வது. ஆனால் மிக மெதுவாக, மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்வது. காத்திருத்தலை இப்படி அளவுகோலால் அளக்க நேர்ந்தவர்கள் குறைவு. இலையுதிர்காலத்தில் வெளியே அழைத்துச்சென்று புல் மேயவிட்டனர். நவம்பரில் வலது காலின் கட்டையும் அகற்றினர். ஒடிந்த கால் ஏறக்குறைய கூடிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு முணுமுணுப்பையும் பதிவுசெய்ய வேண்டும். இவ்வளவு பாடும் பொலிகுதிரையாக்கிப் பணம் பார்க்கத்தானே என்று சிலர் கேட்டனர். தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்குப் பதிவுரிமை கிடையாது. ஆண்குதிரை பின்கால்களில் நின்றுதான் இணையவேண்டும். பார்பரோவுக்குப் போனவையோ இரண்டு பின்கால்களும். பணம் மட்டுமே நோக்கமென்றால் இதைவிடக் கெட்டியான முதலீடுகள் எத்தனையோ உண்டு. எனினும் மறுபக்கக் கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் காத்திருக்கிறோம், குதிரை காத்திருக்கிறதா? அதற்குத் தெரிந்தது இன்றைய வலியும் இன்றைய புல்லும் மட்டுமே. இக்கேள்விக்கு நம்மிடம் தீர்ப்பில்லை. உண்ணும்வரை, உறங்கும்வரை, சுற்றிலும் ஆர்வமாய்ப் பார்க்கும்வரை தொடர்வது என்பதே அங்குக் கொண்ட நெறி. அது நேர்மையான நெறி என்றே நினைக்கிறோம்.

2007 ஜனவரியில் இடது குளம்பு மீண்டும் நலிந்தது. அதன் சுமையைத் தாங்கிய வலது காலில் சீழ்க்கட்டி உண்டாயிற்று. ஜனவரி 27 அன்று இன்னொரு அறுவை. அடுத்து இரு முன்கால்களிலும் அழற்சி பரவியது. நிற்க ஒரு கால்கூட மீதியில்லை. 29ஆம் நாள் காலையில், உரிமையாளர்கள் உடனிருக்க, உயிர் போகும் மருந்து செலுத்தப்பட்டது. முதல் நாளில் ஒடிந்த எலும்பால் அது சாகவில்லை.

பின்னர் ஜாக்சன் இணையர் அப்பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட்சன் பெயரால் குதிரைநோய் ஆய்வுக்கென ஓர் இருக்கை அமைத்தனர். பார்பரோவின் சாம்பல் அது டெர்பி வென்ற சர்ச்சில் டவுன்ஸ் திடலின் வாயிலில் புதைக்கப்பட்டது. 2009இல் அதன்மேல் வெண்கலச் சிலை எழுந்தது. ஓடும் கோலம், நான்கு குளம்புகளில் ஒன்றும் நிலத்தைத் தொடவில்லை. அடுத்த வகுப்பில் அச்சிலையின் படத்தை அந்த மாணவியிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, “அந்தப் பாட்டில் வருபவள் குதிரைக்காகவும் காத்திருந்திருப்பாள், இல்லையா ஐயா?” என்றாள்.