பி.ஏ ஆங்கில இலக்கியம் படித்தால் வேலை கிடைக்குமா? சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பல வீடுகளில் எழும் கேள்வி இது. "இங்கிலீஷ் லிட் எடுக்கிறேன்" என்று பிள்ளைகள் சொன்னால், "அதைப் படிச்சு என்ன பண்ணப்போற? டீச்சர் வேலைக்கா?" என்பார்கள் பெற்றோர். டீச்சர் வேலை ஒரு வழிதான். வேறு வழிகளும் இருக்கின்றன. ஆனால், எதுவுமே பட்டத்தைக் காட்டினால் மட்டும் திறந்துவிடாது.

யார் சேரலாம்?

இது 3 ஆண்டு படிப்பு. பிளஸ் டூவில் எந்த குரூப் படித்தவர்களும் சேரலாம். அரசு கலைக் கல்லூரிகளில் மற்ற பெரும்பாலான பாடங்களுக்கு 400 மதிப்பெண்ணுக்கு ரேங்க் போடுவார்கள். பி.ஏ ஆங்கிலத்துக்கு மட்டும் பிளஸ் டூ ஆங்கில மார்க்தான் கணக்கு. மொத்த மார்க் குறைந்து, ஆங்கிலத்தில் நல்ல மார்க் எடுத்தவர்களுக்கு இது சாதகம்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் கற்றுத் தருவார்களா?

பலர் அப்படி நினைத்துத்தான் சேர்கிறார்கள். உண்மையில் படிக்கப்போவது ஷேக்ஸ்பியர், மில்டன், வேர்ட்ஸ்வொர்த், அமெரிக்க இலக்கியம், இந்திய ஆங்கில எழுத்து, இலக்கிய விமர்சனம், மொழியியல். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் ஆண்டு கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தப் பயத்தில் கைடு வாங்கி மனப்பாடம் செய்தால் பாஸ் ஆகிவிடலாம். ஆனால் இன்டர்வியூவில் ஒரு பாரா சொந்தமாக எழுதச் சொன்னால் மாட்டிக்கொள்வோம். இந்தப் படிப்பின் மதிப்பே படித்துப் புரிந்துகொள்வதிலும், சொந்தமாக எழுதுவதிலும்தான் இருக்கிறது.

ஆசிரியர் பணிக்கு என்ன தேவை?

பள்ளி பட்டதாரி ஆசிரியர் ஆக பி.ஏ-வுடன் 2 ஆண்டு பி.எட் முடித்து, டெட் இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற வேண்டும். அரசுப் பணி என்றால் அதோடு முடியாது, டிஆர்பி போட்டித் தேர்வும் உண்டு. பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு எம்.ஏ, பி.எட் வேண்டும்.

கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு எம்.ஏ-வுடன் நெட், செட் அல்லது பிஎச்.டி தேவை. நெட் தேர்வில் 150 கேள்விகள், 300 மதிப்பெண்கள், நெகட்டிவ் மார்க் கிடையாது. இதில் ஜேஆர்எஃப் கிடைத்தால், ஆராய்ச்சி செய்ய முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

அரசு வேலையில் கவனிக்க வேண்டியது

யுபிஎஸ்சி, குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வுகள் என 'ஏதேனும் ஒரு பட்டம்' கேட்கும் தேர்வுகளை எழுதலாம். ஆனால் 2 விஷயங்களை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத இடஒதுக்கீடு. பட்டம் அடிப்படைத் தகுதியாக உள்ள பணிகளில் இதைப் பெற, பட்டப்படிப்பையும் தமிழ் வழியில் முடித்திருக்க வேண்டும். பி.ஏ ஆங்கிலம் படித்தால் அந்தச் சலுகை கிடைக்காது. பத்தாம் வகுப்பு மட்டுமே தகுதியான குரூப் 4 பணிகளுக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்குச் சிக்கல் இல்லை.

இரண்டு, படிப்பின் பெயர். ஆங்கிலத்துடன் வேறு ஒரு பாடத்தைச் சேர்த்துப் புதுப் பெயரில் நடத்தப்படும் படிப்பு என்றால், அது பி.ஏ ஆங்கிலத்துக்கு இணையானது என அரசாணை இருக்கிறதா என்று கல்லூரியில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

எழுத்தை நம்பிப் பிழைக்க முடியுமா?

ஊடகம், பதிப்பகம், விளம்பரம், மொழிபெயர்ப்பு, சப்டைட்டில் எனப் பல துறைகள் உள்ளன. ஆனால் சாதாரண கன்டென்ட் ரைட்டிங்கை இப்போது ஏஐ நொடியில் செய்துவிடுகிறது. அதை மட்டும் நம்பி இறங்குவது ரிஸ்க்.

தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்தவர்களுக்குப் பெரிய பலம் மொழிபெயர்ப்பு. பெருமாள்முருகனின் 'பூக்குழி' நாவல், அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத்தான் 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனது. அந்தப் பரிசுத் தொகையான 50,000 பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். 2025-ல் கன்னட எழுத்தாளர் பானு முஷ்டாக்கும் மொழிபெயர்ப்பாளர் தீபா பாஸ்தியும் அப்படித்தான் பெற்றார்கள். எல்லோருக்கும் புக்கர் கிடைக்காது, தொடக்கத்தில் இதில் வருமானமும் குறைவுதான். அதனால் வேறொரு வேலையுடன் சேர்த்துத் தொடங்குவது நல்லது.

அப்போ என்னதான் செய்வது?

முதல் ஆண்டிலேயே வாரம் ஒரு பக்கமாவது சொந்தமாக எழுதி, ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் வாங்குங்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு தமிழ்ச் சிறுகதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பழகுங்கள். கடைசி ஆண்டு தொடங்கும் முன் பி.எட், எம்.ஏ, சட்டம், இதழியல், போட்டித் தேர்வு, இதில் எது என்று முடிவு செய்துவிடுங்கள். டிகிரி வாங்கிய பிறகு யோசிக்கலாம் என்று விட்டால்தான், வீட்டில் கேட்ட அதே கேள்வி 3 வருஷம் கழித்து மறுபடியும் வரும்.