வராத பாடகருக்கு ஒரு மேடை

1938 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை இரவு. நியூயார்க் கார்னகி ஹாலில் டிக்கெட் முழுவதும் விற்றுப்போய், மேடையிலேயே நாற்காலி போட்டு ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். பாட வந்தவர்கள் கறுப்பின மக்கள். கேட்க வந்தவர்களில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்திருந்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் இது சாதாரண விஷயம் அல்ல.

கச்சேரியை ஏற்பாடு செய்தவர் ஜான் ஹாமண்ட். பணக்கார வீட்டுப் பிள்ளை, வயது 28. பலரிடம் கேட்டும் பணம் போட ஆள் கிடைக்காமல், கடைசியில் நியூ மாசஸ் என்ற இடதுசாரிப் பத்திரிகை முன்வந்தது. முந்தைய ஆண்டு கார் விபத்தில் இறந்த பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் நினைவுக்கு அந்த இரவு காணிக்கை.

ஹாமண்ட் அழைத்துவர மிகவும் விரும்பியது மிசிசிப்பிக்காரரான ராபர்ட் ஜான்சனை. பருத்திக் காட்டு ஊர்களில் கிடாரோடு சுற்றி, கிடைத்த இடத்தில் ப்ளூஸ் பாடியவர். 1936, 1937 ஆண்டுகளில் டெக்சாஸில் 29 பாட்டுகள் பதிவு செய்திருந்தார், அவ்வளவுதான். ஆள் அனுப்பித் தேடினார்கள். ஆகஸ்ட் 16 அன்றே கிரீன்வுட் அருகே இறந்துவிட்டார் என்ற செய்திதான் வந்தது. வயது 27. விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு இன்றும் உண்டு. இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதவேண்டிய இடத்தில் 'மருத்துவர் இல்லை' என்று மட்டும் இருக்கிறது. ஏழைக் கறுப்பின இளைஞனின் சாவுக்கு அன்று அரசாங்கம் செலவழித்த மை அவ்வளவே.

ஹாமண்ட் என்ன செய்தார் தெரியுமா? மேடையில் ஜான்சனின் இசைத்தட்டுகள் இரண்டைப் போட்டுக் காட்டினார். ஆள் இல்லாமல் குரல் மட்டும்.

ஜான்சனின் இடத்துக்கு வந்தவர் பிக் பில் புரூன்சி. அவரை ஆர்கன்சாஸ் விவசாயி என்று அறிமுகப்படுத்தினார்கள். மனிதரோ பல வருடங்களாகச் சிகாகோவாசி. நூற்றுக்கும் மேல் பாட்டுகள் பதிவு செய்தவர். நாட்டுப்புறக் கலைஞன் என்றால் வயலிலிருந்து நேரே வரவேண்டும் என்று பட்டணத்து ரசிகர்களுக்கு ஓர் ஆசை. ஹாமண்ட் நல்லவர்தான், ஆனால் இந்த வேஷம் எனக்குப் பிடிக்கவில்லை. புரூன்சி பாடிய ஒரு பாட்டில், வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியின் நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதாகக் கனவு வரும், விழித்தால் ஒன்றும் இருக்காது. கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தக் கனவில் வேஷம் இல்லை.

கண் தெரியாத சன்னி டெரியின் மவுத் ஆர்கன், மூன்று பியானோக்காரர்களின் அதிரடி, கவுன்ட் பேசியின் வாத்தியக் குழு என்று இரவு நீண்டது.

1961ல் கொலம்பியா கம்பெனி ஜான்சனின் பாட்டுகளைத் தொகுத்து எல்.பி. வெளியிட்டது. அதற்கும் பின்னால் இருந்தவர் ஹாமண்ட்தான். இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன், கீத் ரிச்சர்ட்ஸ் போன்ற பையன்கள் அதைக் கேட்டுத்தான் கிறங்கிப்போனார்கள்.

கிரீன்வுட் சுற்றுவட்டாரத்தில் ஜான்சனுக்கு இன்று மூன்று கல்லறைக் கற்கள் இருக்கின்றன. 1994ல் தபால்தலையும் வந்தது. புகைப்படத்தில் அவர் வாயில் இருந்த சிகரெட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள்.