மதுரை வட்டாரச் சாதிய வன்கொடுமைகள்: ஆய்வுத் தரவகங்களில் தேடுவது எப்படி?

மேலூர் அருகே மேலவளவில், தனித்தொகுதியான ஊராட்சியின் தலைவர் முருகேசனும் உடன் சென்றோரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். இப்படுகொலை குறித்து ஆய்வுத் தரவகத்தில் 'தலித்', 'மதுரை' என்னும் இரு சொற்களை இட்டுத் தேடும் மாணவர்முன் தலைப்புகள் மலையாகக் குவிகின்றன. ஊர்ப்பெயரை மட்டும் இட்டால் மிகச் சிலவே கிட்டுகின்றன. "இதுபற்றி ஆய்வே இல்லை" என்று அவர் எழுதிவிடக்கூடும். வன்கொடுமையை மறுப்போருக்கு அதைவிட வசதியான வாசகம் வேறில்லை. தேடும் முறையை நாம் பொருட்படுத்த வேண்டிய காரணம் இதுவே.

முதல் இடர் எழுத்துக்கூட்டல். 1989இல் தீண்டாமைச் சுவர் எழுப்பப்பட்டு, 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்ட உத்தபுரத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் தகரத்துக்கு 'டி-எச்' இடுவோரும் இரட்டை 'டி' இடுவோரும் பகரத்தை இரட்டிப்போரும் உளர். கூகுள் ஸ்காலரில் இவ்வடிவங்களைப் பெரிய எழுத்திலான 'ஆர்' என்னும் ஆங்கில இணைப்புச் சொல்லால் கோத்துத் தேட வேண்டும். சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால் அச்சொற்கள் அதே வரிசையில் உள்ளவை மட்டும் வரும்.

இதனினும் ஆழமானது பெயரின் அரசியல். குடியேற்ற ஆட்சி ஆவணங்களில் 'ஒடுக்கப்பட்ட வகுப்பினர்', பின்னர் 'ஆதிதிராவிடர்', காந்தியர் எழுத்தில் 'அரிசனர்', அரசாணைகளில் 'அட்டவணைச் சாதியினர்', அண்மை ஆய்வுகளில் 'தலித்' என ஒரே மக்கள் வெவ்வேறு பெயர்களில் பதிவாகியுள்ளனர். 1939ஆம் ஆண்டின் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவைத் தேடுபவர் 'தலித்' என்னும் சொல்லோடு நின்றால், அக்கால ஆவணங்களில் பெரும்பாலானவற்றை இழப்பார். வன்முறைக்கும் இதே நிலைதான். தாக்கியவரையும் தாக்கப்பட்டவரையும் சமன்செய்யும் 'மோதல்' என்னும் சொல்லை நாம் ஏற்பதில்லை. ஆயினும் தேடுகையில் அதையும் இட்டாக வேண்டும்.

மாவட்ட எல்லையும் ஏமாற்றும். 1985இல் திண்டுக்கல்லும் 1996இல் தேனியும் பிரிந்தன. எனவே 1970களின் 'மதுரை மாவட்ட' ஆய்வு கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றியதாகவும் இருக்கலாம். ஆங்கிலேயர் காலத்துக்கு 'மதுரா' என்று தேடுக. அதே பெயருடைய வேறு இடமும் குறுக்கிடலாம். அதைக் கழித்தல் குறியிட்டு விலக்கலாம்.

எங்கே தேடுவது? பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் அங்குள்ளன, கட்டணமில்லை. 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யின் பழைய இதழ்களை ஜேஸ்டோரில் காணலாம். நம் பட்டறிவில், நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் சொற்களைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அக்கட்டுரையை மேற்கோள் காட்டியவற்றைப் பின்தொடர்வதே பயன் தரும். கூகுள் ஸ்காலரில், மேற்கோள் காட்டப்பட்ட ஒவ்வொரு பதிவின் கீழும் அதற்கான இணைப்பு உண்டு. மதுரையில் களப்பணி செய்த ஹியூகோ கோரிஞ்சின் 2005ஆம் ஆண்டு நூல் 'அன்டச்சபிள் சிட்டிசன்ஸ்' அவ்வாறு தொடங்கத் தக்கது.

தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூன் தளம் உதவும். வழக்கின் தலைப்பில் பெரும்பாலும் மேல்முறையீடு செய்தவர் பெயரே இருக்கும், ஊர்ப்பெயர் இராது. ஆகவே தலைப்பில் அன்றி முழு உரையில் ஊரைத் தேட வேண்டும்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தேர்தல் முடக்கப்பட்ட வரலாற்றின் பெரும்பகுதி உண்மையறியும் குழு அறிக்கைகளிலும் தமிழ்ச் சிறுவெளியீடுகளிலும் கிடக்கிறது. ஆய்விதழ்த் தரவகங்கள் இவற்றை அரிதாகவே சேர்க்கின்றன. மேலவளவைப் பதிவுசெய்த 'புரோக்கன் பீப்பிள்' என்னும் 1999ஆம் ஆண்டு அறிக்கைகூட ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் தளத்தில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. தமிழ் வெளியீடுகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தையும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலையும் தமிழ் எழுத்திலேயே தேடிப் பார்க்கவும்.