ஷாம்பெய்ன்: கோடு கிழித்தது மண்ணா, சர்க்காரா?

ஷாம்பெய்ன் மதுவைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் மண்ணைத்தான் பேசுகிறார்கள். சுண்ணாம்பு மண், வடக்கத்திக் குளிர், முழுசாய்ப் பழுக்காத திராட்சையின் புளிப்பு. அந்தப் புளிப்பில்தான் நுரை மதுவின் ருசி நிற்கிறது என்று. சரிதான். ஆனால் அந்தக் குளிரைச் சுமப்பவன் விவசாயி. 1910இல் ஆலங்கட்டியும் பூஞ்சை நோயும் சேர்ந்து மகசூலை ஏறக்குறைய வழித்துக்கொண்டு போய்விட்டன. ரீம்ஸ், எப்பெர்னே நகரங்களின் மதுக் கம்பெனிகளில் பல அசரவில்லை. லுவார் பள்ளத்தாக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் மலிவுச் சரக்கை வரவழைத்து ஷாம்பெய்ன் என்றே விற்றன. 1911 ஜனவரியில் மார்ன் மாவட்ட விவசாயிகள் அந்தச் சரக்கை மறித்து ஆற்றில் தள்ளினார்கள்.

இதுவரை முதலாளிக்கும் விவசாயிக்குமான சண்டை. நான் கவனிக்கச் சொல்வது அடுத்து நடந்ததை. கலப்படத்தைத் தடுக்கிறோம் என்று 1908 டிசம்பரிலேயே அரசு ஒரு கோடு கிழித்திருந்தது. மார்ன் உள்ளே, எய்ன் மாவட்டத்தில் கொஞ்சம் உள்ளே, தெற்கிலுள்ள ஓப் மாவட்டம் வெளியே. வேடிக்கை என்னவென்றால் ஓப்பின் தலைநகரான த்ருவாதான் இடைக்காலத்தில் ஷாம்பெய்ன் கோமகன்களின் தலைநகரம்! பல வருஷம் வடக்குக் கம்பெனிகளுக்குத் திராட்சை கொடுத்தவர்கள் ஓர் ஆணையில் அந்நியராகிப் போனார்கள். 1911 ஏப்ரலில் த்ருவாவில் பெருந்திரளாய்க் கூடினார்கள். கோட்டை எடுத்துவிடலாம் என்று செனட் சொன்னதும், அதை அரணாக நம்பியிருந்த மார்ன் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். ஏப்ரல் 12இல் அய் ஊரில் கம்பெனிகளின் கட்டடங்கள் எரிந்தன. ராணுவம் இறங்கியது. கம்பெனிகளை எதிர்த்துத் தொடங்கியது, விவசாயிக்கு விவசாயி பகையாக முடிந்தது.

ஜூனில் ஓப்புக்குக் கிடைத்த பட்டம் 'இரண்டாம் மண்டல ஷாம்பெய்ன்'. உள்ளே வரலாம், ஆனா திண்ணையோடு சரி! இந்த வகை உபசாரம் நமக்கொன்றும் புதுசில்லை. 1927 ஜூலைச் சட்டம்தான் ஓப்பை முழுசாய்ச் சேர்த்தது. அங்கே பரவலாயிருந்த காமே திராட்சைக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. அவகாசம் கொடுத்துக் கைவிடச் சொன்னார்கள்.

ஓப்பின் மண் வேறு, பக்கத்து சாப்லி மண்ணோடுதான் அதற்கு உறவு என்பார்கள். உண்மை. ஆனால் 1908க்கும் 1927க்கும் நடுவே அந்த மண் மாறிவிடவில்லையே. இன்று ஷாம்பெய்ன் தோட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஓப்பில் இருக்கிறது. மொத்தக் கொடிகளில் பத்துக்கு ஒன்பது பங்கு விவசாயிகளுடையது. புட்டிகளில் பெரும்பாலானவற்றை விற்பது கம்பெனிகள்.