நடுக்கடலில் பாய்மரம் முறிந்தால் என்ன ஆகும்? தனி ஆளாகச் சமாளிப்பது எப்படி?

சுற்றிலும் கடல் மட்டும்தான். படகில் இருப்பதும் ஒரே ஒருவர்தான். அந்த நேரத்தில் கம்பி அறுந்து பாய்மரம் ஆட ஆரம்பித்தால்? மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது. தனியாக உலகைச் சுற்றும் மாலுமிகள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? பார்க்கலாம்.

ரிக்கிங் என்றால் என்ன?

பாய்மரம் தானாக நிற்பதில்லை. முன்னும் பின்னும் இரு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள்தான் அதைத் தாங்குகின்றன. இவற்றோடு, பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளும் சேர்ந்ததுதான் ரிக்கிங். கம்பியை மாட்டியிருக்கும் சின்ன ஆணி கழன்றால்கூட மொத்த மரமும் சாயலாம்.

கம்பி அறுந்தால் முதல் வேலை என்ன?

காற்று வரும் பக்கத்துக் கம்பிதான் பாரத்தைச் சுமக்கும். அது அறுந்தால், உடனே படகைத் திருப்பி மறுபக்கக் கம்பிக்குப் பாரத்தை மாற்ற வேண்டும். பிறகு பாயை இறக்கிவிட்டு, பாய் ஏற்றும் கயிறையே தற்காலிகக் கம்பியாக இழுத்துக் கட்டலாம்.

மரமே முறிந்துவிட்டால்?

இங்கேதான் உண்மையான ஆபத்து. கடலில் விழுந்த மரம் கம்பிகளில் தொங்கிக்கொண்டே, அலைக்கு அலை படகை இடிக்கும். ஓட்டை விழுந்தால் கதை முடிந்தது. அதனால் பல நேரம், காப்பாற்ற நினைக்கும் மரத்தையே வெட்டிவிட வேண்டியிருக்கும். ஆணிகளைத் தட்டி எடுப்பார்கள், முடியாவிட்டால் கம்பியை வெட்டுவார்கள். தண்ணீரில் கயிறு கிடக்கிறதா என்று பார்க்காமல் என்ஜினைப் போடக் கூடாது, விசிறியில் சுற்றிக்கொள்ளும். மர உச்சியில் ரேடியோ ஆன்டெனா இருந்தால் அதுவும் போய்விடும்.

அடுத்து, மிச்சமிருக்கும் கழிகளை நிறுத்தி, சின்னப் பாய் கட்டி, மெதுவாகக் கரை தேடுவார்கள். இதற்குப் பெயர் 'ஜூரி ரிக்'.

நடந்திருக்கிறதா?

2000-01 வாண்டே குளோப் போட்டியில் வெளி உதவி வாங்கக் கூடாது என்பது விதி. பிரான்ஸின் ஈவ் பார்லியே, தென்கடலில் மரம் முறிந்த பிறகு நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் தீவருகே நங்கூரம் போட்டார். உடைந்த கார்பன் துண்டுகளைத் தானே ஒட்டினார். பசை இறுகச் சூடு வேண்டுமே? மின்விளக்குகளை வைத்தே சூடேற்றினார்! சாப்பாடு குறைந்ததால் கடல்பாசியும் மீனும் சாப்பிட்டார். 126 நாட்களில் போட்டியை முடித்தும் காட்டினார்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. 2018 செப்டம்பர் 21-ல், கோல்டன் குளோப் போட்டியில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு புயலில் மரம் இழந்தது. முதுகெலும்பில் காயம், எழுந்திருக்கவே முடியவில்லை. அதே புயலில் மரம் இழந்த அயர்லாந்தின் கிரிகோர் மெக்கக்கின், ஜூரி ரிக் கட்டி அவரை நோக்கிக் கிளம்பினார். கடைசியில் செப்டம்பர் 24-ல் பிரெஞ்சுக் கப்பல் ஒசிரிஸ் டோமியை மீட்டது. பிறகு மெக்கக்கினையும் ஏற்றிக்கொண்டது.

கைவேலை எவ்வளவு தெரிந்திருந்தாலும், வேலை செய்ய உடம்பு ஒத்துழைக்க வேண்டும். அதனால்தான் புயலில் மரத்தைவிட முதலில் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொள்கிறார்கள்.

டோமி என்ன ஆனார் என்கிறீர்களா? அதே போட்டிக்கு 2022-ல் திரும்பி வந்தார். 236 நாட்கள் ஓட்டி, 2023 ஏப்ரல் 29-ல் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார்.